இரும்பு எஞ்சின் புல்லட்: எதை மாற்றினால் வழியில் நிற்காது?

பழைய காஸ்ட் அயன் புல்லட்டை வாங்கி நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் பிஸ்டனைப் பற்றித்தான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடலாமா, 500 சிசி கிட் ஒத்துவருமா, பெரிய கார்ப்பரேட்டர் வைத்தால் எவ்வளவு இழுக்கும்? இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் வண்டி திண்டிவனம் தாண்டி ஓரங்கட்டி நிற்பதற்கும் இந்தக் கேள்விகளுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. அப்படி நிறுத்துவது பெரும்பாலும் ஒரு தேய்ந்த பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), செத்துப்போன கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் பாகம்), துருப்பிடித்த எர்த் கம்பி, அல்லது டைமிங் கவருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கார்க் வளையம்.

எஞ்சினின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள், பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் 2010 வரை வந்துகொண்டே இருந்தது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி, 18 குதிரைத்திறன். ராணுவத்தார் கரடுமுரடான எல்லைப்பாதையில் ஓட்டுவதற்கு வாங்கிய வண்டி இது. நாற்கரச் சாலையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து 90-இல் போகலாம் என்று அதை வரைந்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த எஞ்சினில் எது உண்மையான பலவீனம், எது வெறும் பேச்சு என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. கம்பெனியே பின்னாளில் எதை மாற்றியது, எதை விட்டுவைத்தது என்று பார்ப்பது. அது கிட்டத்தட்ட விடைத்தாளைக் கையில் கொடுத்த மாதிரி.

2000-ஐ ஒட்டி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு எஞ்சின் வந்தது. ‘லீன் பர்ன்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அதில் சிலிண்டர் அலுமினியமானது, பழைய பிளஞ்சர் ஆயில் பம்ப் போய் ரோட்டர் பம்ப் வந்தது. அதே காலத்தில் எலெக்ட்ரா என்ற புல்லட் மாடலில் இரும்பு எஞ்சினையே வைத்துக்கொண்டு பாயிண்டை மட்டும் தூக்கிவிட்டு மின்னணு இக்னிஷன் கொடுத்தார்கள். 2008-09-இல் வந்த யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) எஞ்சினில் கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே உறைக்குள் வந்தன. கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டில் புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் பேரிங், டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டே தேவையில்லாத ஹைட்ராலிக் டாப்பெட், காகித ஆயில் ஃபில்டர் எல்லாம் சேர்ந்தன.

இவ்வளவையும் மாற்றியவர்கள் மாற்றாமல் விட்டதைக் கவனியுங்கள். 350-இன் 70க்கு 90 என்ற அளவு யுசிஇ-யிலும் அப்படியே இருந்தது. கீழே இருக்கும் கேமின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடும் இருந்தது. இவை இரண்டும் போனது 2020 நவம்பரில் மீட்டியார் 350-உடன் வந்த ஜே வரிசை எஞ்சினில்தான். அதன் அளவு 72க்கு 85.8. கேம் ஹெட்டுக்கு ஏறியது, அதிர்வைக் குறைக்க பேலன்சர் தண்டும் வந்தது. ஆக, நீள ஸ்ட்ரோக்கும் புஷ்ராடும் நம்பகத்துக்கு எதிரியாக இருந்ததில்லை. தீப்பொறி, எண்ணெய், சூடு ஆகிய மூன்றும்தான் கம்பெனியைத் தூங்கவிடாமல் செய்தவை. நம் பழைய வண்டிக்கும் வரிசை அதேதான்.

தீப்பொறியிலிருந்து தொடங்குவோம். பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைத் திறந்து மூடும் கேமில் உரசுகிற ஃபைபர் குதிகால் நாளடைவில் தேயும். தேயத் தேய இடைவெளி குறுகும், குறுகக் குறுக தீப்பொறியின் டைமிங் தாமதமாகும். வண்டி நிற்காது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தாமதமாகப் பற்றிய கலவை எக்சாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். சைலன்சர் குழாயின் கழுத்து நீலம் பாயும், ஹெட் கொதிக்கும். ஓட்டுகிறவர் ‘இழுவை கொஞ்சம் கம்மியா இருக்கு’ என்று ஆக்ஸிலரேட்டரை இன்னும் திருகுவார். அந்த நிலையில் பிஸ்டன் ஜாம் ஆனால் பழி பிஸ்டன் மேல் விழும். பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டு அனுப்புவார்கள். பாயிண்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேரெதிர்க் கோளாறும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் இரண்டு எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் குட்டி ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் கிக் அடிக்கும் வேகத்திலேயே அட்வான்ஸ் வந்துவிடும். கணுக்காலைப் பதம் பார்க்கும் அந்தப் பிரபலமான உதைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், வண்டியின் ‘குணம்’ அல்ல.

மின்னணு இக்னிஷன் கிட் இந்த இரண்டையும் ஒரே வீச்சில் தீர்க்கிறது. உரசும் பாகம் இல்லை, எனவே டைமிங் நகராது. அட்வான்ஸையும் சர்க்யூட்டே பார்த்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்குச் செய்கிற வேலைகளில் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் ஒரு விஷயம்: பாயிண்ட் சாகும்போது முனகிக்கொண்டே சாகும், எமரி தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். மின்னணுப் பெட்டி செத்தால் செத்ததுதான். அதனால் கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் ஒரு கண்டென்சரையும் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட மறக்கவும் கூடாது. அது இல்லாமல் போனால் பிளக்கின் மின் இரைச்சல் அந்தப் பெட்டியையே குழப்பும்.

கிட் வாங்குவதற்கு முன்னால் வயரிங். பேட்டரி சோர்ந்தால் எந்த நவீனப் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யாது, இரும்பு புல்லட்டின் சார்ஜிங் தாராளமானதும் அல்ல. எஞ்சின் உறையிலிருந்து பேட்டரியின் எர்த்துக்கு நேராக ஒரு தடித்த வயர், பச்சை பூத்த இணைப்பு முனைகளை வெட்டிப் புதிதாக அடித்தல், பழைய ரெக்டிஃபையருக்குப் பதில் நல்ல ரெகுலேட்டர், ஹெட்லைட்டுக்கு எல்இடி. இவற்றிலேயே ஆம்பியர் மீட்டர் முள் நடுங்குவது நின்றுவிடும். இன்னும் 6 வோல்ட்டில் ஓடும் வண்டி என்றால் முதல் செலவு 12 வோல்ட்டுக்கு மாற்றுவதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். இந்த எஞ்சினின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக வெளியே தொங்காது. கிராங்க் உறையின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக வார்க்கப்பட்டிருக்கிறது. டைமிங் பக்கத்தில் கிராங்க் முனையில் ஒரு வார்ம் கியர், அது சுழற்றும் தண்டில் இரண்டு பிளஞ்சர் பம்ப்கள். ஒன்று எண்ணெயை ஃபில்டர் வழியாக பிக் எண்டுக்கு அனுப்புகிறது. மற்றொன்று கீழே விழுந்த எண்ணெயை அள்ளித் திரும்ப டேங்குக்குத் தள்ளுகிறது, வழியில் கொஞ்சத்தை ராக்கருக்கும் கொடுக்கிறது. பிக் எண்டில் இருப்பது மிதக்கும் புஷ். கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடின் கண்ணுக்கும் நடுவே, இரண்டையும் ஒட்டாமல், உள்ளும் புறமும் எண்ணெய்ப் படலத்தில் தானும் சுழலும் ஒரு வளையம். படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. எண்ணெய் வரத்துக் குறைந்தால் அதற்கு ஆயுள் அதிகமில்லை.

அந்த வரத்து எங்கே குறையும்? டைமிங் கவரிலிருந்து சுழலும் கிராங்க் முனைக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில். அங்கே ஒரு கார்க் சீல் இருக்கிறது. கவரைப் போடும்போது அது மெதுவாக அமுங்கி, சுழலும் முனையைச் சுற்றி அடைத்துக்கொள்ள வேண்டும். பழசாகிக் காய்ந்திருந்தாலோ, அவசரத்தில் கோணலாக உட்கார்ந்திருந்தாலோ, பம்ப் தள்ளிய எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறைக்குள் வழிந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் அங்கே எண்ணெய் வரும், ஏனென்றால் அது திரும்பும் பம்ப்பின் வேலை. மெக்கானிக் ‘ஆயில் ஏறுது சார்’ என்று சொல்வார், அவர் சொல்வது பொய்யும் அல்ல. சில ஆயிரம் கிலோமீட்டரில் கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும், அப்புறம் ஃபுல் எஞ்சின் வேலை. டைமிங் கவரை எதற்காகக் கழற்றினாலும் இந்த சீலைப் புதிதாகப் போடுங்கள். அதன் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். இப்போது எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் ரப்பரிலும் கிடைக்கிறது.

ஃபில்டர் விஷயமும் இதே ரகம்தான். பழைய ஃபெல்ட் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசித் திரும்பப் போடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஃபெல்ட்டுக்குள் சிக்கிய உலோகப் பொடி அலசினால் முழுசாக வராது. அதே அறையில் உட்காரும் காகித ஃபில்டர்கள் கிடைக்கின்றன. ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவிடலாம். 20டபிள்யூ50 ஆயில் போதும். இந்த எஞ்சினில் ஓர் அனுகூலம்: கிளட்ச் தனி உறையில் தனி எண்ணெயில் இருக்கிறது, எஞ்சின் ஆயில் அதைத் தொடவே தொடாது. எனவே கிளட்ச் வழுக்குமோ என்ற பயமில்லாமல், டாப்பெட்டையும் கேமையும் காப்பாற்றும் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக உள்ள ஆயிலைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரோட்டர் பம்ப் இல்லாவிட்டாலும் அதிகக் கொள்ளளவு உள்ள பிளஞ்சர் பம்ப்கள் கடைகளில் விற்கின்றன. போடலாம், நல்லதுதான். ஆனால் பம்ப்பின் தட்டு உட்காரும் முகம் கீறியிருந்தால் புது பம்ப்பும் பழையதைப் போலவே கசியும். முகத்தை நைசாக உரசிச் சமமாக்குவது முக்கியம், பம்ப் இரண்டாவதுதான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த புல்லட்டைக் கிளப்பினால் தெருவே மறையும் அளவுக்குப் புகை வருவதும் இதனால்தான். டேங்க் எண்ணெய் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்குக்குள் இறங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ரிங் போச்சு’ என்று சிலிண்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கிராங்க் உறையின் வடிகால் போல்ட்டைத் திறந்து இறங்கியதை வடித்துவிட்டுக் கிளப்பினால் புகை இருக்காது.

புல்லட் என்றாலே ஆயில் ஒழுகும் என்ற பேச்சுக்கு பேக்கிங்கைக் குறைசொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 346 சிசி பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் உறைக்குள் அவ்வளவு காற்றையும் அழுத்துகிறது. அது வெளியேற ஒரு சின்னக் குழாயும், ஒரு வழியாக மட்டும் திறக்கும் ரப்பர் வாயும் இருக்கின்றன. அந்த ரப்பர் கெட்டியாகிவிட்டால் அழுத்தம் எங்கே இளைத்த இடம் கிடைக்கிறதோ அங்கே எண்ணெயோடு வெளியே வரும். எத்தனை ஷெல்லாக் பசை தடவினாலும் நிற்காது. கொஞ்சம் பெரிய குழாய், நல்ல ஒருவழி வால்வு, முனையில் எண்ணெயைப் பிடிக்க ஒரு சின்ன டப்பா. இவற்றை வைத்தபிறகு பல வண்டிகளில் ஒழுகல் தானாகவே குறைந்துவிடுகிறது.

அடுத்தது சூடு. 70 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் நூறு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.15 மி.மீ. விரிகிறது. அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரிகிறது. இரண்டுக்கும் நடுவே போர் போடும்போது விட்ட இடைவெளி முழுவதையும் இந்த வித்தியாசம் தின்றுவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அலுமினியச் சிலிண்டரில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே விரியும், சூடும் இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வெளியேறும். ஏவிஎல்காரர்கள் இரும்பை முதலில் தூக்கியது இதனால்தான். இரும்பு எஞ்சினுக்கும் உள்ளே லைனர் போட்ட அலுமினியச் சிலிண்டர்கள் இப்போது கிடைக்கின்றன. தொடர்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு அது நல்ல செலவு. ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் 60-70-இல் போகிறவருக்குத் தேவையே இல்லை.

ஃபோர்ஜ்டு பிஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அது உறுதியானது, ஆனால் சாதாரண வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். பழைய கணக்கிலேயே லேத்தில் போர் போட்டுக்கொடுத்தால் உறுதியான பிஸ்டன் உறுதியாக ஜாம் ஆகும்.

பெட்ரோல்தான் இப்போது புதிய தலைவலி. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோது வால்வு சீட் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம் இருந்தது. ஹெட் வேலை செய்யும்போது கடினமான சீட் போட்டுக்கொண்டால் அது தீர்ந்தது. எத்தனால் அப்படி ஒருமுறை செய்து மறக்கிற விஷயம் அல்ல. 2022-இல் பத்து சதவீதம், 2025-இல் இருபது சதவீதம் என்று கலப்பு ஏறியிருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இருபது சதவீத எத்தனால் கலந்ததற்கு 13.5 போதும். ஊசிவழி எரிபொருள் தரும் (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) புது வண்டியில் சென்சார் இதைக் கண்டு ஈடுகட்டிக்கொள்ளும். பழைய புல்லட்டின் மிக்கார்ப் கார்ப்பரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது. பழைய ஜெட்டிலேயே (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஓட்டினால் எரிபொருள் ஏழெட்டு சதவீதம் பற்றாக்குறை, அதாவது கலவை மெலிவு, அதாவது மறுபடியும் சூடு. மெயின் ஜெட்டை ஓரிரு அளவு கூட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழி. சைலன்சரை வேறு திறந்துவிட்டிருந்தால் இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்திவைத்த வண்டியின் டேங்க் அடியில் அது நீரோடு பிரிந்து தங்கும், பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் டேப்பின் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய், புது டேப், இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்வது. இதற்குமேல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் ரோலர் பிக் எண்ட். மிதக்கும் புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் பேரிங் உள்ள கனெக்டிங் ராடு கிட் போட்டால் எண்ணெய் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் தாங்கும். கம்பெனியே யுசிஇ-யில் அந்தப் பக்கம் போனது. ஆனால் இதற்கு கிராங்கைப் பிரித்து, பிரஸ்ஸில் ஏற்றி, சுழலும்போது வரும் கோணல் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் அடங்கும்படி திரும்ப நேராக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ‘கண்ணளவே போதும்’ என்கிற லேத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணெயும் நல்ல கார்க் சீலும் இருக்கிற 350-க்கு, காலையில் கிளப்பியதும் முறுக்காமல் ஒரு நிமிடம் விட்டு ஓட்டுகிறவரிடம், அந்தப் பழைய புஷ்ஷே பல்லாண்டு உழைக்கும். பிரிக்க வேண்டிய நிலை வந்தால் ரோலர் போடுங்கள். அதற்காகவே பிரிக்காதீர்கள்.

வேகத்துக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 12 மீட்டர் ஓடுகிறது, 5000 என்றால் 15 மீட்டர். அந்த மூன்று மீட்டர் கூடுவதில் ராடு, பின், பேரிங் எல்லாவற்றின் மேலும் விழும் சுமை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், ஏனென்றால் சுமை வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. எனவே கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது, அதே சாலை வேகத்தில் சுற்றைக் குறைப்பதால், எந்த ஃபோர்ஜ்டு பாகத்தையும்விட எஞ்சினைக் காக்கும். மேடு ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உதிரிபாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய அசல் பாகம் பல நேரம் புதிதாக வரும் போலியைவிட மேல். வால்வு, கைடு, பேரிங் மட்டும் பழசு வாங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 350 என்று பதிவான வண்டியில் 500 சிசி கிட் போட்டால் விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையின்போது அது வெளியே வரும். 1960களின் வண்டி வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. கார்க் சீல், காகித ஃபில்டர், ஜெட் இவற்றை யாரும் கேட்கப் போவதில்லை. அலுமினியச் சிலிண்டர் கேள்விக்கு உள்ளாகலாம். அந்த எண்ணம் இருந்தால், கழற்றிய இரும்புச் சிலிண்டருக்கு எண்ணெய் பூசி, தாளில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.